வெட்டவெளிக் கான்கிரீட்டின் வயதைப் படிப்பது எப்படி? கொங்குப் பகுதிக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

கொங்குப் பகுதியில் தோட்டமோ பழைய வீடோ வாங்க வருகிறவர்கள் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, பத்திரத்தில் வில்லங்கம் உண்டா, தென்னைக்கு என்ன வயது என்று துருவித் துருவி விசாரிக்கிறார்கள். கண்ணெதிரே கிடக்கும் காய்க்களத்தையும், சன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடையும், வேலியோரத்துச் சிமெண்ட் கால்களையும் பெரும்பாலும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. புதிதாக அடித்த வெள்ளை கண்ணை நிறைத்துவிடுகிறது. அந்த வெள்ளைக்கு அடியில் இருந்த சங்கதி முதல் ஐப்பசி மழையில் வெளியே வந்துவிடும்.

வெயிலிலும் மழையிலும் கிடக்கும் கான்கிரீட் எப்படித் தேய்கிறது, எந்த அடையாளம் எதைச் சொல்கிறது, எதை அப்படியே விடலாம், எதை உடனே கவனிக்க வேண்டும் என்பதை, கட்டுமானத் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் தாமே பார்த்துத் தெரிந்துகொள்ளும் வகையில் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எங்கே தங்குகிறது, தன்னோடு எதைக் கொண்டுவருகிறது, எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், அந்தக் கான்கிரீட்டுக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பதில் முக்கால் பங்கு தெரிந்துவிடும். முப்பது வருடத்துக் களம் உறுதியாகக் கிடப்பதும், அதன் பக்கத்திலேயே பத்து வருடத்துச் சன்ஷேடு கம்பி தெரிய நிற்பதும் இதனால்தான்.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை அதிகமில்லை. கால் கிலோ எடையுள்ள சிறிய சுத்தியல், மூன்று அங்குல ஆணி, ஒரு வெள்ளைத் தாள், காலாவதியான ஏடிஎம் கார்டு, பென்சில், சாக்பீஸ், ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு மூடி எலுமிச்சம்பழம், கொஞ்சம் மஞ்சள் தூள் ஆகியவை போதும்.

முதலில் ஊரைப் புரிந்துகொள்ளுங்கள்

இணையத்தில் கிடைக்கும் கான்கிரீட் பராமரிப்புக் குறிப்புகளில் பெரும்பகுதி குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்டது. உள்ளே புகுந்த தண்ணீர் உறைந்து விரிவதால் மேல்பகுதி செதில் செதிலாகப் பெயர்வதும், பனிக்கட்டியைக் கரைக்கத் தூவும் உப்பு கம்பியை அரிப்பதும் அங்கே தலையாய பிரச்சினைகள். மார்கழிப் பனி எவ்வளவு கடுமையாக இறங்கினாலும் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் சமவெளியில் இவை இரண்டுக்கும் இடமில்லை. கடற்கரை ஊர்களைப் பாடாய்ப் படுத்தும் உப்புக்காற்றும் நமக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது.

நமக்கென்று இருப்பவற்றில் முதலாவது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று பொள்ளாச்சி, பல்லடம், தாராபுரம் வரை தடையில்லாமல் வீசுகிறது. அம்மியையே பறக்கவைக்கும் என்று சொல்லப்படும் அந்த ஆடிக்காற்றுக்கு, காலையில் போட்ட கான்கிரீட்டின் மேல்பரப்பு ஈரத்தை மதியத்துக்குள் உறிஞ்சிவிடுவது ஒரு வேலையே அல்ல. இரண்டாவது, மழைமறைவு. கோவை நகரில் ஆண்டு மழை சுமார் 600 முதல் 700 மில்லிமீட்டர்தான். அதிலும் மற்ற மாதங்களைவிட அதிகம் கொட்டுவது ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆகவே நம் கான்கிரீட் ஆண்டில் பெரும்பாலான மாதங்கள் காய்ந்து கிடந்து, சில வாரங்கள் மட்டும் ஊறுகிறது. இந்த மாறிமாறி வரும் ஈரமும் காய்ச்சலும் கம்பிக்கு ஏன் ஆகாது என்பதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம். மூன்றாவது மண். செம்மண் பூமியில் போட்ட தளம் பெரும்பாலும் போட்ட இடத்தில் கிடக்கும். சூலூர், பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசல் மண்ணோ மழையில் உப்பிக் கோடையில் கைநுழையும் அளவுக்கு வெடிக்கும். நான்காவது, "நல்ல தண்ணி", "உப்புத் தண்ணி" என்று இங்கே வீட்டுக்கு வீடு பிரித்துச் சொல்கிற போர் தண்ணீர்.

மழை விட்ட ஒரு மணி நேரத்தில் போய்ப் பாருங்கள்

முடிந்தால் நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு முதல் சுற்றுப் பார்வையை வைத்துக்கொள்வது நல்லது; மழையில்லாத மாதமென்றால் குழாயைத் திறந்துவிட்டுப் பாருங்கள். சரியாகப் போட்ட வாசலும் களமும் பத்து அடிக்கு ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் வாட்டம் கொண்டிருக்கும். ஒரு மணி நேரம் கழித்தும் தண்ணீர் தேங்கி நிற்கிற இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாசி பிடிப்பது, மேல்பால் உரிவது, உப்புப் பூப்பது எல்லாம் அநேகமாக அந்த வட்டங்களுக்குள்தான் முதலில் தொடங்கும்.

பிறகு தண்ணீர் மேலிருந்து விழுகிற இடங்களைப் பாருங்கள். ஓட்டுச் சாய்ப்பிலிருந்து சொட்டும் நீர் தளத்தில் ஒரே கோட்டில் விழுந்து, நாளடைவில் சிமெண்டை அரித்து ஜல்லியை வெளிக்காட்டியிருக்கும். சன்ஷேடின் அடிப்பக்கத்தையும் அண்ணாந்து பார்க்க வேண்டும். விளிம்பை ஒட்டி விரல் தடிமனுக்கு ஒரு நீளப் பள்ளம் இருந்தால் மழைநீர் அங்கேயே துண்டித்துச் சொட்டிவிடும். அந்தப் பள்ளம் இல்லாத சன்ஷேடில் நீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவர் வரை வரும், அது ஊர்ந்த தடம் கறுத்த நாக்குகளாகத் தெரியும். பத்துப் பைசாப் பெறாத வேலைதான் அந்தப் பள்ளம், ஆனாலும் பூச்சு வேலையில் முதலில் விட்டுப்போவது அதுதான்.

மேல்பரப்பு: ஆணியும் தண்ணீரும் சொல்வது

கான்கிரீட்டைக் கொட்டி மட்டம் செய்யும்போது கனமான ஜல்லி கீழே இறங்க, தண்ணீரும் நுண்ணிய சிமெண்டும் மேலே ஏறி ஒரு மெல்லிய படலமாக நிற்கும். கொத்தனார்கள் இதைப் பால் என்பார்கள். கலவையில் தண்ணீரை அதிகம் விட்டிருந்தாலும், கழுவாத எம்-சாண்டில் கிரஷர் தூசி மிகுந்திருந்தாலும் இந்தப் பால் கூடுதலாக எழும்பி, பலமற்ற மேல்தோலாக இறுகிவிடும். தளம் சீக்கிரம் இழுபட வேண்டும் என்பதற்காகக் காய்ந்த சிமெண்டைத் தூவிக் கரணையால் தேய்ப்பது நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். அன்றைக்குப் பார்க்கக் கண்ணாடிபோல் பளபளக்கும். அடுத்த கோடைக்குள் நுண்விரிசல்கள் வலைபோல் படர்ந்துவிடும்.

இப்போது ஆணியை எடுத்துத் தளத்தில் அழுத்திக் கீறுங்கள். வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தால் மேல்பரப்பு உறுதியாக இருக்கிறது. ஆணி பள்ளம் பறித்து மாவு எழுப்பினால் மேல்தோல் நைந்துவிட்டது. உள்ளங்கையைத் தேய்த்தாலே சாம்பல் நிறத்தில் பொடி ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். மக்காச்சோளமும் கொப்பரையும் காயப்போடுகிற களத்தில் இந்தப் பொடி விளைபொருளோடு கலந்து மூட்டைக்குப் போகும் என்பதால் இது அழகு சம்பந்தப்பட்ட குறை மட்டுமல்ல. அடுத்து, காய்ந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீரைச் சொட்டவிடுங்கள். துளி சில நிமிடங்கள் அப்படியே நின்றால் பரப்பு அடர்த்தியாக இருக்கிறது. விழுந்த கையோடு கருந்திட்டாக உள்ளே இறங்கினால், மழையும் உப்பும் அதே வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கின்றன என்று கொள்ளலாம்.

டிராக்டர் திரும்புகிற இடம், மாட்டு வண்டிச் சக்கரம் ஏறுகிற விளிம்பு, தினமும் விளக்குமாறு படுகிற வாசல் ஆகியவற்றில் மேல்தோல் போய்ச் ஜல்லி முகம் காட்டுவது இயல்பான தேய்மானம். ஜல்லி அசையாமல் இறுகப் பிடித்திருந்தால் கவலை வேண்டாம். ஒரு வகையில் அந்த நிலையில்தான் தளம் வழுக்காமல் இருக்கிறது.

அமிலம் படும் இடங்களின் கதை வேறு. கான்கிரீட் அடிப்படையில் காரப்பொருள். பெரும்பாலான அமிலங்கள் அதைக் கரைக்கும். கட்டுத்தரையில் சாணமும் கோமியமும் தேங்கும் வாய்க்கால், சைலேஜ் (மாட்டுக்காகப் புளிக்கவைக்கும் பசுந்தீவனம்) மூட்டம் போடுகிற குழியின் அடித்தளம் ஆகியவற்றில் சிமெண்ட் முழுக்கக் கரைந்து ஜல்லி மட்டும் துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். சைலேஜிலிருந்து வடியும் சாற்றில் லாக்டிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் இருப்பதே காரணம். கவுந்தப்பாடிப் பக்கத்து நாட்டுச்சர்க்கரை ஆலைக் கொட்டகைகளில் கரும்புப்பாலும் பாகும் சிந்துகிற தரை அமிலமில்லாமலே அரிபடும், ஏனென்றால் சர்க்கரைக் கரைசல் சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து அதைக் கரைத்து வெளியேற்றிவிடும். தேங்காய் மட்டை ஊறிய நீர் விடும் பழுப்புக் கறையோ வெறும் கறைதான். பார்வைக்கு மோசமாக இருந்தாலும் தளத்துக்குப் பெரிய கெடுதல் செய்வதில்லை. அதைப் போக்குகிறேன் என்று கழிவறைக்கு ஊற்றுகிற ஆசிட்டைக் கொண்டுவந்து ஊற்றுவதுதான் கெடுதல்: கறையோடு சேர்த்து மேல்தோலும் போகும், கம்பியுள்ள இடமென்றால் அதை அரிக்கும் குளோரைடும் உள்ளே இறங்கும்.

விரிசல்: அகலத்தைவிடப் போக்கைக் கவனியுங்கள்

விரிசல் இல்லாத கான்கிரீட் கிடையாது. எந்த விரிசல் எப்போது, எதனால் வந்தது என்று பிரித்தறிவதுதான் கற்றுக்கொள்ள வேண்டியது.

ஒன்றுக்கொன்று ஏறக்குறைய இணையாக, ஓரடி இரண்டடி நீளத்தில், தளத்தின் விளிம்பைத் தொடாமல் நடுவிலேயே நின்றுபோகும் விரிசல்கள் கான்கிரீட் போட்ட அன்றே வந்தவை. மேல்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகும் வேகம் ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு கிலோவைத் தாண்டினால் இந்த ஆபத்து உண்டு என்பது பொறியாளர்களின் கணக்கு. ஆடி மாதப் பிற்பகலில், வெயிலும் காற்றும் சேரும்போது அந்த அளவை எட்டுவது எளிது. இவை வளர்வதில்லை. தண்ணீர் இறங்காமல் அடைத்துவிட்டால் போதும்.

தளத்தின் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை நேராக ஓடும் விரிசல், தளம் காய்ந்து சுருங்கியபோதோ வெயிலில் விரிந்து இரவில் சுருங்கியபோதோ வந்தது. கான்கிரீட் பத்து மீட்டர் நீளத்துக்கு 30 பாகை வெப்ப மாற்றத்தில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். கரூர் பரமத்தி வெயிலில் காய்ந்த தளம் விடியற்காலையில் குளிர்ந்து கிடக்கும்போது அவ்வளவு அசைவுக்கு அது எங்கேயாவது இடம் தேடியாக வேண்டும். நான்கு அங்குலத் தளத்தை எட்டு முதல் பத்து அடிக்கு ஒரு கட்டமாக வெட்டிவிட்டிருந்தால் அந்த வெட்டுக்குள்ளேயே விரிசல் ஒளிந்துகொள்ளும். வெட்டு இல்லாத களம் தனக்குப் பிடித்த இடத்தில் தானே வெட்டிக்கொள்கிறது.

ஒரு பக்கம் மேலே, மறுபக்கம் கீழே என்று படியாக நிற்கும் விரிசல்தான் மண் அசைந்ததற்குச் சான்று. கரிசல் பூமியில் இது கோடையில் அகன்று மழையில் மூடிக்கொள்ளும். வீட்டைச் சுற்றிப் போட்ட நடைதளம் சுவரைவிட்டு விலகி வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தால், மழைநீர் அந்த இடைவெளி வழியாக நேராக அஸ்திவாரத்துக்கு இறங்குகிறது என்று பொருள். விரிசலைவிட அந்த வழியை அடைப்பதுதான் முதல் வேலை. பக்கத்தில் அரசோ வேம்போ இருந்தால் வேரின் கைங்கரியமா என்றும் பார்த்துவிடுங்கள்.

அகலத்தை அளக்கத் தாளும் கார்டும் பயன்படும். சாதாரண வெள்ளைத் தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். கம்பி கட்டிய கான்கிரீட்டில் பொதுவாக 0.3 மில்லிமீட்டர் வரையிலும், தொடர்ந்து ஈரம் படும் இடங்களில் 0.2 மில்லிமீட்டர் வரையிலும்தான் விரிசலை அனுமதிக்கலாம் என்று ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை சொல்கிறது. ஆகவே சன்ஷேடு, தொட்டி போன்றவற்றில் மூன்று தாள் சேர்த்து நுழைந்தாலே பொறுப்பாகக் கவனிக்க வேண்டும். கம்பியில்லாத வாசல் தளத்தில் கார்டு நுழைந்தாலும் குடி முழுகிவிடாது. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடிட்டுத் தேதி எழுதி வையுங்கள். சித்திரையில் ஒருமுறை, கார்த்திகையில் ஒருமுறை என்று பார்த்தால், அது உறங்குகிற விரிசலா, உயிருள்ள விரிசலா என்பது ஓராண்டில் தெரிந்துவிடும். இது தெரியாமல் விரிசலை அடைக்கப் பணம் செலவழிப்பது வீண்.

கம்பி: உள்ளேயிருந்து தொடங்கும் மூப்பு

மேலே சொன்னவற்றால் தளம் அசிங்கப்படும், பொடியும், ஆள்மேல் விழாது. விழக்கூடியவை கம்பி உள்ள உறுப்புகள். ஆகையால் இந்தப் பகுதியை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள்.

புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை மிக அதிகம், அதன் பி.எச். அளவு 12.5-க்கு மேல் இருக்கும். அந்தச் சூழலில் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலம் உருவாகி, ஈரம் இருந்தாலும் துருப்பிடிக்காமல் தடுக்கிறது. ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக உள்ளே நுழைந்து, அங்கிருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து அதைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. மதுக்கரையிலும் சங்ககிரியிலும் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் அதே பொருள்தான். சூளையில் எந்த வாயுவை விரட்டி அது சிமெண்டானதோ, அதே வாயுவை உங்கள் வீட்டுச் சன்ஷேடில் உட்கார்ந்து திரும்ப வாங்கிக்கொள்கிறது. மாறிய பகுதியின் பி.எச். 9-க்குக் கீழே இறங்கிவிடும், கம்பியின் காப்புப் படலம் போய்விடும்.

காற்றின் ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம் வரை இருக்கும்போது இந்த மாற்றம் மிக வேகமாக நடக்கும். முழுக்க நனைந்த கான்கிரீட்டில் துளைகள் நீரால் அடைபட்டிருப்பதால் வாயு நுழையாது. முழுக்கக் காய்ந்ததிலோ வினைக்கு வேண்டிய ஈரம் இருக்காது. நம் சமவெளியில் மழையில்லாத மாதங்களின் பெரும்பகுதி அந்த இடைப்பட்ட நிலையில் கழிகிறது. காய்ந்த மாதங்களில் வாயு உள்ளே நுழைந்து காப்பைக் கழற்றிவைக்க, ஐப்பசி மழை வந்து துருவுக்கு வேண்டிய ஈரத்தைக் கொடுக்கிறது. மழை குறைவு, அதனால் துரு குறைவு என்று எண்ணுவது தவறாவது இங்கேதான்.

இந்த மாற்றம் உள்ளே இறங்கும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது. ஒரு கான்கிரீட்டில் பத்து ஆண்டில் 10 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால், 20 மில்லிமீட்டர் இறங்க நாற்பது ஆண்டு ஆகும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன்) விட வேண்டிய இடத்தில் 10 மில்லிமீட்டர் மட்டும் விட்டிருந்தால் கம்பியின் பாதுகாப்புக் காலம் பாதியாக அல்ல, நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் என்ற சிறு கட்டைகளை வைக்காமல், கான்கிரீட் கொட்டும்போது சித்தாள் கம்பியை மிதித்துக்கொண்டு நடக்க விட்டதன் விலை அது.

இதை நேரில் பார்க்க மஞ்சளே போதும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்ததும் சிவப்பாவது காரத்தின் வேலை. ஏற்கெனவே உடைந்து தொங்கும் ஒரு விளிம்பைச் சுத்தியலால் தட்டிப் புது முகத்தை வெளிக்கொணர்ந்து, தூசியைத் துடைத்துவிட்டு, மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்துத் தடவுங்கள். உள்பகுதி சட்டென்று நன்றாகச் சிவந்து, வெளி ஓரம் வெளிறியே நின்றால் அந்த ஓரத்தில் காரம் செத்துவிட்டது. மஞ்சள் லேசான காரத்துக்கும் கொஞ்சம் நிறம் மாறும் என்பதால் எல்லைக்கோடு துல்லியமாக விழாது. செலவு செய்து முடிவெடுக்க வேண்டிய இடத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்துப் பார்ப்பதே முறை. காரமுள்ள பகுதி அடர் இளஞ்சிவப்பாகும், மற்றது நிறம் மாறாது. கம்பி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த நெருக்கலில் கான்கிரீட் பிளக்கிறது. ஆகவே கம்பி போகும் திசையிலேயே நேர்கோட்டில் ஓடும் விரிசலைக் கண்டால் வேறு காரணம் தேட வேண்டாம். தோட்டத்து வேலியில் நிற்கும் சிமெண்ட் காலை அருகில் போய்ப் பாருங்கள். நான்கு மூலையிலும் மெல்லிய கம்பி, அதன்மேல் அரை விரல் தடிமன்கூடத் தேறாத பூச்சு. தரைக்குச் சற்று மேலே, மண் ஈரம் ஏறி ஏறிக் காய்கிற இடத்தில், மூலையை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரு பிளவு ஓடும். நகத்தால் நெம்பினால் ஒரு சில்லு கழன்று வந்து, உள்ளே மிளகாய்த்தூள் நிறத்தில் பொடியும், அதற்கு நடுவில் ஊசியாய் மெலிந்த கம்பியும் தெரியும். அதே நாடகம்தான் சன்ஷேடிலும் மேல்நிலைத் தொட்டியிலும் பெரிய அளவில் நடக்கிறது. கல்லுக்கால் கிடைக்கிற ஊரில் கல்லுக்காலே நடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

கண்ணுக்குத் தெரியாத பிளவைச் சுத்தியல் காட்டிக்கொடுக்கும். சன்ஷேடின் அடிப்பக்கம், படிக்கட்டின் அடிப்பக்கம், தொட்டியைத் தாங்கும் தூண் ஆகியவற்றை ஒரு சாண் இடைவெளியில் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். "டங்" என்று கெட்டியாக ஒலித்தால் நலம். "பொத்" என்று ஓட்டைச் சத்தம் வந்தால் உள்ளே ஏடு பிரிந்துவிட்டது. நேர் கீழே நின்றுகொண்டு தட்டாதீர்கள்.

உப்புப் பூத்தல்: இரண்டு வெள்ளைகள்

கான்கிரீட்டின் மேல் பூக்கும் வெள்ளையெல்லாம் ஒன்றல்ல. புதுத் தளத்தில் முதல் ஆண்டு தோன்றும் வெள்ளைப் படலம், உள்ளிருக்கும் சுண்ணாம்பு நீரோடு வெளியே வந்து காற்றுப் பட்டு இறுகியது. தண்ணீரில் கரையாது, எலுமிச்சைச் சாறு பட்டால் நுரைக்கும். இது தீங்கற்றது, காலப்போக்கில் தானே குறையும். இன்னொரு வெள்ளை, கோடைக்குக் கோடை பொருக்காகப் பூத்து, தண்ணீர் ஊற்றினால் கரைந்து மறைந்து, காய்ந்ததும் திரும்ப வருவது. மண்ணிலிருந்தோ போர் தண்ணீரிலிருந்தோ ஏறிய உப்பு அது. நுண்துளைகளுக்குள் அந்த உப்பு படிகமாகும்போது மேல்தோலை உள்ளிருந்து தள்ளுகிறது; காம்பவுண்டுச் சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குப் பூச்சு பொரிந்து உதிர்வது இதனால்தான்.

திருப்பூருக்குக் கிழக்கே நொய்யல் ஓரத்து ஊர்களில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. துணிக்குச் சாயமேற்றச் சமையல் உப்பும் சோடியம் சல்பேட்டும் பெருமளவில் பயன்பட்டு, பல ஆண்டுகள் அந்தக் கழிவு ஆற்றிலும் நிலத்தடியிலும் இறங்கியிருக்கிறது. குளோரைடு கம்பியை அரிக்கும். சல்பேட் சிமெண்டோடு வினைபுரிந்து உப்பி, கான்கிரீட்டையே நெகிழச் செய்யும். கம்பியுள்ள கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடும், எஸ்.ஓ.3 (சல்பர் ட்ரை ஆக்சைடு) கணக்கில் 400 மில்லிகிராமுக்கு மேல் சல்பேட்டும் இருக்கக்கூடாது என்று அதே ஐ.எஸ். 456 வரம்பு வைக்கிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பார்க்கலாம். செலவு, ஒரு சன்ஷேடை இடித்துக் கட்டுவதோடு ஒப்பிட்டால் பேச்சுக்கே இடமில்லாதது.

பார்த்தபின் என்ன செய்வது

பொடிகிற தளத்துக்கு மேலே இன்னொரு சிமெண்ட் பூச்சுப் போடுவது காசைக் கரியாக்குவது. நைந்த தோல்மேல் ஒட்டிய புதுத்தோல் இரண்டு கோடையில் அப்பளமாகப் பெயர்ந்து வரும். தோலை இரும்பு பிரஷ்ஷாலோ கிரைண்டராலோ நீக்கி, உறுதியான பகுதி தெரிந்தபின் சிலிக்கேட் வகை இறுக்கிக் கரைசலை ஊறவிடுவது பெரும்பாலான களங்களுக்குப் போதுமானது. வாகனம் கழுவும் வாட்டர் கன்னை மிக அருகில் பிடித்துப் பாசியைப் போக்கினால் பாசியோடு பாலும் போகும். கெட்டித் தென்னை விளக்குமாறும் தண்ணீரும் கொண்டு தேய்ப்பதே நல்லது, முடிந்தால் தண்ணீர் தேங்காதபடி வாட்டத்தைச் சரிசெய்துவிட்டு.

உறங்கும் விரிசலைக் கொஞ்சம் அகலப்படுத்திச் சுத்தம் செய்து பாலிமர் கலந்த கலவையால் நிரப்பலாம். உயிருள்ள விரிசலில் கெட்டியான எதை அடைத்தாலும் பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். அங்கே ரப்பர்போல் நெகிழும் பாலியூரித்தேன் சீலண்டு வேண்டும்.

கம்பி துருத்திய சன்ஷேடைப் பார்த்ததும், "ஒன்னும் பண்ணாதுங்க, மேல ஒரு பூச்சுப் பூசி வெள்ளை அடிச்சுட்டாச் சரியாப் போயிருமுங்க" என்று சொல்ல ஆள் கிடைப்பார். துருவை மூடிவைத்தால் அது நிற்பதில்லை. ஓட்டைச் சத்தம் கேட்ட பகுதி முழுவதையும் கொத்தி, கம்பிக்குப் பின்னால் ஒரு விரல் நுழையும் அளவுக்குக் கான்கிரீட்டை எடுத்து, கம்பியைப் பளபளக்கத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலவையால் பழைய கவரைவிடக் கூடுதலாகப் பூசி, அதையும் ஈரமாக வைத்திருக்க வேண்டும். கம்பியின் தடிமன் கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தால் கம்பி சேர்க்காமல் பூச்சு வேலை செய்யக்கூடாது.

புதிதாகப் போடுகிறவர்களுக்கு

கரிசல் மண்ணில் நேரடியாகக் கான்கிரீட் கொட்ட வேண்டாம். மேல்மண்ணை எடுத்துவிட்டு, கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்கியபின் தளம் போடுங்கள். ஆடிக்காற்று மாதங்களில் வேலையைத் தள்ளிப்போட முடியாவிட்டால் அதிகாலையிலோ சாயங்காலத்திலோ கொட்டி, மேற்குப் பக்கம் தார்ப்பாய் கட்டி, மட்டம் செய்த கையோடு பாலித்தீன் விரித்து மூடுங்கள். கலவை இறுகலாக இருக்கிறது என்று குடத்தைச் சாய்க்க வரும் கையைத் தடுக்க ஒருவர் கூடவே நிற்க வேண்டும். நான்கு அங்குலத் தளத்தில் ஒரு அங்குல ஆழத்துக்கு வெட்டுக்கோடுகளை, மறுநாள் காலைக்கு மேல் தள்ளாமல் போட்டுவிடுங்கள்.

தண்ணீர் கட்டுவதற்கு மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இப்போது கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பி.பி.சி. (நிலக்கரிச் சாம்பல் போன்ற பொசலானா கலந்த) சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், நம் வெயிலுக்கு 14 நாள் ஈரம் வேண்டும். களத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது எளிது. சன்ஷேடு, தூண் போன்றவற்றில் நனைந்த சாக்கைச் சுற்றிவைத்து, காயக் காய நனைக்க வேண்டும். தென்னை நார்க்கழிவு சும்மா கிடைக்கிறதே என்று பரப்பினால் ஈரம் நிற்கும், ஆனால் பழுப்புக் கறையும் நிற்கும். இதற்கும் உப்புத் தண்ணியைத் தவிர்த்து நல்ல தண்ணியையே பயன்படுத்துவது கம்பியுள்ள இடங்களில் அவசியம்.

வாசல், களம், நடைதளம் ஆகியவற்றை நீங்களே பார்த்து நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம். ஆள் நடமாட்டத்துக்கு மேலே நீட்டி நிற்பவை, தண்ணீரைச் சுமப்பவை, படிக்கட்டுகள் ஆகிய மூன்றிலும் கம்பி ஓடும் திசையில் விரிசலோ, ஓட்டைச் சத்தமோ, துருக்கறையோ கண்டால், கீழே யாரும் போகாதபடி கயிறு கட்டிவிட்டு, தொட்டியென்றால் தண்ணீரை இறக்கிவிட்டு, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். அவர் வரும்வரை கொத்தனாரைக் கரணை எடுக்க விடாதீர்கள். பூசி மூடியபின் அவருக்குப் பார்க்க எதுவும் இருக்காது.